தீர்மான நோட்டில் என்ன எழுதினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கட்சி சாராத ஊர்க்குழுக்களைப் பற்றி செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். யார் கேட்டார் என்று தெரிந்துவிட்டால் உள்ளூரில் பதிலை யாரும் படிக்க மாட்டார்கள், ஆளைத்தான் பேசுவார்கள்.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஊராட்சி வேலைகளைக் கவனிக்க ஒரு குழு வைக்கப் போகிறோம். சங்கமாகப் பதிந்தே ஆகவேண்டுமா? – ஆத்தங்குடி

உடனே வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி உறுப்பினர்கள் இருபது பேரை எட்டினாலோ, ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயை எட்டினாலோதான் பதிவு கட்டாயம். அப்படி எட்டினால் மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். பன்னிரண்டு பேர் கூடி கிராம சபைக்குப் போக, மனு எழுத, கணக்குக் கேட்க எந்தப் பதிவும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

பதிவதாக முடிவு செய்தால் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட்ட சங்க விவரக் குறிப்பும் துணை விதிகளும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது, பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நோக்கம் எழுதும் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘ஊழலை ஒழித்தல்’, ‘நல்லாட்சி மலரச் செய்தல்’ என்று எழுதினால் பதிவாளர் திருப்பிக் கேட்பார். சமூக சேவை, பயனுள்ள அறிவைப் பரப்புதல் ஆகியவை சட்டமே சொல்லும் நோக்கங்கள். அவற்றின் கீழ் உங்கள் வேலையை இரண்டு வரியில் எழுதுங்கள்.

பதிவு வாங்குவது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நான்கு வருடம் விட்டுவிட்டு ஐந்தாவது வருடம் வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதுதான் இது எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. எங்கள் யோசனை: முதல் ஒரு வருடம், அதாவது ஆறு கிராம சபைகள், பதியாமல் நடத்திப் பாருங்கள். ஆறாவது கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பதிவைப் பற்றி யோசியுங்கள்.

எங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்சி. கட்சி சாராத குழு என்று சொன்னால் ஊரே சிரிக்கிறது. – பள்ளத்தூர்

சிரிக்கட்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்சி என்பது உங்களுக்கு அனுகூலம். எல்லோரும் ஒரே கட்சியாக இருந்து ‘நாங்கள் நடுநிலை’ என்று சொல்வதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் முடிவில், 1920-இல், பெண் வாக்காளர் கழகம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. எந்த வேட்பாளரையும் எந்தக் கட்சியையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதுமில்லை என்பது அதன் அடிப்படை விதி. ஆனால் தண்ணீர், பள்ளிக்கூடம், வரி போன்ற விஷயங்களில் உறுப்பினர்கள் முதலில் ஆராய்ந்து, ஒத்த கருத்துக்கு வந்து, அதன்பிறகு வெளிப்படையாகவே நிலை எடுப்பார்கள். கட்சி சாராதவன் கருத்தே இல்லாதவன் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது, அது தவறு. ‘இந்த ஊருணியைத் தூர்வார வேண்டும்’ என்பது நிலைப்பாடு. ‘தூர்வாராத அவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்’ என்பது கட்சி வேலை. கோடு அங்கேதான் இருக்கிறது.

விதியில் நான்கு வரி போதும். கட்சியிலோ உள்ளாட்சியிலோ பொறுப்பில் இருப்பவர் குழுவின் நிர்வாகியாக இருக்கக்கூடாது, உறுப்பினராக இருக்கலாம். தேர்தலில் நிற்க விரும்புகிறவர் மனுத்தாக்கலுக்கு முன்பே பொறுப்பை விட்டு விலக வேண்டும். குழுவின் பெயர், படம், வாட்ஸ்அப் குழு எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. கட்சியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ நன்கொடை வாங்கக்கூடாது. இந்தக் கடைசி வரியைத்தான் முதலில் மீறுவார்கள், அதுவும் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும்போது.

இன்னொன்றையும் சிரிப்பவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களே கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சிச் சின்னம் தொடங்குகிறது.

கிராம சபை எப்போதெல்லாம் கூடும்? எத்தனை பேர் இருந்தால் செல்லும்? – கல்லல்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாள்தான், 2022-இல் ஆறாக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். அழைப்பு வரவில்லை என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும். இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் கூட்டம் தொடங்குமுன்பே, சில இடங்களில் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய், கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். குழுவின் முதல் பிரசாரம் இதுவாகவே இருக்கட்டும்: கூட்டத்துக்கு வந்து உட்காராமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தின் கீழ் ஒருபோதும் போடாதீர்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு. ‘தலைவரே இல்லை, சபை எதற்கு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொல்லப்போனால் அப்போதுதான் சபை கூடுதலாகத் தேவை.

எங்கள் ஊருணிக்கு மூன்று கிராம சபையில் தீர்மானம் போட்டாயிற்று. ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. இதற்கு மேல் என்னதான் செய்ய? – குன்றக்குடி அருகிலிருந்து

தீர்மான நோட்டில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தீர்களா? ‘ஊருணியைத் தூர்வார வேண்டும் என்று பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர். ஆவன செய்யப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது’ என்று இருந்தால் அது தீர்மானம் ஆகாது, நடந்த பேச்சின் குறிப்பு. அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் மதிப்பீடு போட மாட்டார், போடவும் முடியாது.

முதலில் நீர்நிலை யாருடையது என்று பாருங்கள். ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. குளம், கிணறு வெட்டுதல், பழுது பார்த்தல், பராமரித்தல் ஆகியவை ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவில் ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாகவே இருக்கின்றன. பாசன ஏரியான கண்மாய் வேறு. ஆயக்கட்டு, அதாவது அதன் நீரில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. நீர்வளத்துறைக் கண்மாய்க்காக ஊராட்சிச் செயலரிடம் மூன்று வருடம் சண்டை போடும் ஊர்கள் இருக்கின்றன.

அடுத்தது காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பாருங்கள். சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டின் பிரதியையும், அந்த நிலத்தின் அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் எடுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருணிக்கு நீர் வரும் வாய்க்காலான வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். செட்டிநாட்டு ஊருணிகளில் கோளாறு பெரும்பாலும் ஊருணிக்குள் இல்லை, வரத்துக்காலில்தான் இருக்கிறது. வீட்டுக் கூரையில் விழுந்த மழை வளவு (வீட்டின் நடுமுற்றம்) வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும்படி வாட்டம் பார்த்து அமைத்த ஊர்கள் இவை. தார் மேல் தார், அதன்மேல் சிமென்ட் என்று சாலை உயர்ந்துகொண்டே போனதில் அந்த வாட்டம் கெட்டது. சுற்றுச்சுவர் கட்டி அழகுபடுத்தும்போது நீர் நுழையும் வாயை மறந்துவிட்டுக் கட்டிய ஊருணிகளும் உண்டு. செம்புறாங்கல் படிக்கட்டு பளபளவென்று இருக்கும், உள்ளே கருவேலம் முளைத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தூர்வாரினால் பள்ளம் ஆழமாகும், தண்ணீர் வராது.

இப்போது தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து செய்தி அதில் இருக்க வேண்டும்: எந்த இடம் (சர்வே எண், பரப்பு), என்ன வேலை (வரத்துக்கால் இத்தனை மீட்டர் நீளத்துக்குச் சீரமைப்பு, சாலையின் குறுக்கே குழாய் அல்லது சிறுபாலம், அதன்பிறகு தூர்), எந்த நிதியிலிருந்து, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் மதிப்பீடு வரவேண்டும். ‘அடுத்த கிராம சபையில் இதன் நிலை கூட்டப்பொருளாக வைக்கப்பட வேண்டும்’ என்பது கடைசி வரி. இந்த வரி இல்லாததால்தான் உங்கள் மூன்று தீர்மானங்களும் மூன்று தனித்தனித் தீர்மானங்களாகவே நின்றுவிட்டன.

அன்று வந்து உங்கள் விஷயத்தைக் கையை உயர்த்திச் சொன்னால் ‘இதர பொருள்’ என்று கடைசியில் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். ஒரு வாரம் முன்னதாகவே ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத்தபாலில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவருக்கு, அனுப்புங்கள். அந்தப் பதவியில் ஒன்றியத்துக்கு இரண்டு பேர் இருப்பார்கள், வட்டார ஊராட்சியைப் பார்ப்பவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கூட்டம் முடியுமுன் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்ற அலுவலர் ஒருவர் வந்திருப்பார், அவர் முன்னிலையிலேயே கேளுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத தீர்மானத்தைப் பிறகு எந்தக் கோப்பிலும் தேட முடியாது.

வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு இருந்தால் அதைத் தனித் தீர்மானமாகப் போடுங்கள், தூர்வாருவதோடு கலக்காதீர்கள். அளந்து கல் நட நில அளவையரும், அகற்ற வட்டாட்சியரும் வரவேண்டிய வேலை அது. அது முடிய மாதக்கணக்காகும், அதுவரை தூர்வாரும் வேலையும் சேர்ந்து கிடக்கும். ஆக்கிரமித்தவர் பெயரை மேடையில் சொல்லவும் வேண்டாம், சர்வே எண்ணைச் சொன்னால் போதும். ஊருக்கே தெரியும்.

கணக்கு கேட்டால் ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது’ என்கிறார்கள். – சாக்கோட்டை

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். ‘படிவம் 30’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் தெரிந்து கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு. மொத்தத் தொகையைக் கேட்டுத் திருப்தி அடைய வேண்டாம். தெருவிளக்கு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்று தலைப்பை மட்டும் பிரித்துக் கேளுங்கள். உங்கள் தெருவில் மாற்றிய பல்பை நீங்களே எண்ணிச் சரிபார்க்க முடியும்.

குழுவின் லெட்டர்பேடில் தகவல் உரிமை மனு போட்டோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். – தேவகோட்டை

தகவல் கேட்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ‘குடிமக்களுக்கு’த் தருகிறது. சங்கம் குடிமகன் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தனிநபர் பெயரில், வீட்டு முகவரியோடு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் போடுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த மனுவில் இன்னொரு பிழையும் இருக்கிறது. ‘ஏன் குப்பை அள்ளவில்லை?’, ‘யார் பொறுப்பு?’ என்பவை தகவல் அல்ல, விளக்கம். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்த வார்டுக்கான துப்புரவுப் பணியாளர் வருகைப் பதிவேட்டின் நகல்’ என்று கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கம் அதிகம் என்றால் நேரில் பார்வையிடக் கேட்பது மேல், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதன்பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அலுவலகம் மாறிப் போட்டாலும் கவலையில்லை, ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ஒரு மனுவில் ஒரு விஷயம். பதினெட்டுக் கேள்வி உள்ள மனுவுக்குப் பதினெட்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. எங்களுக்குக் கிராம சபை போல ஒன்று உண்டா? – காரைக்குடி

உண்டு, பகுதி சபை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கொரு சபையும், கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும் இருக்க வேண்டும். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் சபையின் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கூட்டம் நடக்கும், ஆனால் எங்கே எப்போது என்று தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆகவே ஆணையருக்கு ஒரு மனு: உங்கள் வார்டின் பகுதிகள் எவை, எல்லைத் தெருக்கள் எவை, பகுதிப் பிரதிநிதிகள் யார், கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே. வாங்கிய பட்டியலை டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டினாலே குழுவின் அரை வருட வேலை முடிந்தது.

சுற்றியுள்ள ஊராட்சிகள் நகரத்தோடு சேரும்போது அங்கே கிராம சபை இல்லாமல் போகிறது. எனவே சேருவதற்கு முன்பு போட்ட, நிறைவேறாத தீர்மானங்களின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடுகள் அலுவலகம் மாறும்போது என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பூர்வீக வீடு ஓ.சிறுவயலில். நான் இருப்பது சிங்கப்பூரில். புள்ளி வரி தவறாமல் கட்டுகிறேன். கிராம சபையில் பேசலாமா? ஊர்க்குழுவுக்குப் பணம் அனுப்பலாமா? – சிங்கப்பூர்

கோயிலில் நீங்கள் ஒரு புள்ளி, அதாவது கோயில் வரிக் கணக்கில் ஒரு குடும்பம். கிராம சபையில் புள்ளிக் கணக்கு இல்லை, வாக்காளர் பட்டியல்தான். வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அந்த ஊரில் வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதிருந்தால், படிவம் 6அ கொடுத்து பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப்போட நேரில்தான் வரவேண்டும். சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டால் அந்த வழியும் இல்லை. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை ஓட்டுரிமை தராது.

பணத்திலும் இதே கோடுதான். இந்தியக் குடிமகனாக நீடிப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன்அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. அண்ணன் பெயருக்கு அனுப்பி அவர் மூலமாகக் குழுவுக்கு மாற்றும் சுற்றுவழியும் வேண்டாம். நாளைக்கு மாட்டிக்கொள்வது அண்ணனும் செயலாளரும்தான்.

ஊருக்கு உங்கள் பணம் பயன்பட வேண்டும் என்றால் குழுவை விட ‘நமக்கு நாமே’ திட்டம் பொருத்தம். ஊராட்சிப் பகுதியில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும், ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கே போதும். 9 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் பங்கு 3 லட்சம். வேலை பொதுச்சொத்தில் இருக்க வேண்டும், கோயிலுக்கோ தனியார் இடத்துக்கோ கிடையாது. பணம் இருக்கிறது என்பதற்காக நீங்களே வேலையை முடிவு செய்துவிடாதீர்கள். அலங்கார வளைவு யார் கண்ணிலும் படும், வரத்துக்கால் படாது. எது என்று கிராம சபை சொல்லட்டும்.

தேர்தல் நேரத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன? – புதுவயல்

நல்ல யோசனைதான், நடத்துவது கத்திமேல் நடை. இறுதிப் பட்டியல் வந்த பிறகே அழையுங்கள், சுயேச்சைகள் உட்பட எல்லோரையும் ஒரே நாளில், ஒரே வாசகமுள்ள கடிதத்தில். ஐந்து கேள்விகள், எல்லோருக்கும் அதே ஐந்து, முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்கு எட்டு நிமிடம், பேசும் வரிசை சீட்டுக்குலுக்கி. கேள்விகள் அந்தப் பதவியின் அதிகாரத்துக்குள் இருக்கட்டும். வார்டு உறுப்பினரிடம் ரயில் நிறுத்தம் கேட்டால் அவரும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

காவல்துறை அனுமதி, தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தகவல் இரண்டும் எழுத்தில் வேண்டும். வழிபாட்டு இடம் வேண்டாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் வைக்கக்கூடாது. டீயோடு நிறுத்துங்கள். பிரியாணி போட்டால் யார் போட்டது என்ற கேள்வி வரும்.

வராதவர் நாற்காலியைக் காலியாகப் போட்டுப் படம் எடுத்துப் பரப்புவது வேண்டாம். அந்தப் படம் ஒரு பிரசாரம், அடுத்த தடவை யாரும் வர மாட்டார்கள். மேடைக்கு ஆள் சேராவிட்டால் வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரத்தைப் படித்துக் காட்டுங்கள். சொத்து, வழக்கு, படிப்பு பற்றிய விவரத்தைச் சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் வெளியிட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற கட்சி சாராத அமைப்பு தொடுத்த வழக்கின் விளைவு அது.

முதல் கிராம சபைக்கு எத்தனை பேர் போகலாம்? எல்லோரும் பேசலாமா? – நேமம்

எல்லோரும் போங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். ஒருவர் எழுதட்டும்: தொடங்கிய நேரம், வந்திருந்தவர் எண்ணிக்கை, வாசித்த தொகைகள், தீர்மான எண்கள், பற்றாளர் பெயர், முடிந்த நேரம். மற்றவர்கள் கூட்டத்துக்குள் தனித்தனியாக உட்காருங்கள். கூட்டமாக ஒரு மூலையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் ‘அவர்கள் ஆட்கள்’ ஆகிவிடுவீர்கள். பேசுகிறவர் அந்த ஊரிலேயே தண்ணீர்க் குடம் தூக்குகிற பெண்ணாக இருந்தால் மேல். எழுதியதை அன்று மாலையே இரண்டு நகலாக எழுதி, ஒன்றை ஊராட்சிச் செயலரிடமே கொடுத்துவிடுங்கள்.